அடுக்ககத்தில் பொது உரத்தொட்டி: நாற்றமும் சண்டையும் இல்லாமல் நடத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையில் 40 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம். பின்புறம் 15 அடிக்கு 10 அடி இடம் சும்மா கிடக்கிறது. சமையலறைக் கழிவை அங்கேயே உரமாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாறும், பெருச்சாளி வரும் என்று மற்றவர்கள் தடுக்கிறார்கள். எப்படித் தொடங்குவது? இதனால் குடியிருப்பவர்களிடையே நெருக்கம் வரும் என்கிறார்களே, உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வரும், ஆனால் தொட்டி நாறாதவரைதான். நாறத் தொடங்கினால் மூன்றாம் நாளே ‘யார் வீட்டு வாளி’ என்ற பேச்சு கிளம்பும். ஒரு வாரத்தில் அது கீழ்த்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் சண்டையாகிவிடும். பொது உரத்தொட்டிகள் பெரும்பாலும் கைவிடப்படுவதற்குக் காரணம் ஒற்றுமைக் குறைவு அல்ல, சருகுக் குறைவு. அதனால் இந்தப் பதிலில் முதலில் சருகைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கூட்டம், வாட்ஸ்ஆப் குழு, கோலப்போட்டி எல்லாம் அப்புறம்.

முதலில் கணக்கு. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை மக்கும் கழிவு வரும். 40 வீடும் சேர்ந்தால் 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், மிச்சச் சோறு கலந்த இந்தக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். கார்பனும் நைட்ரஜனும் 25:1 முதல் 30:1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும்; சமையலறைக் கழிவில் அது 15 முதல் 20 வரைதான் இருக்கும். அதைச் சரிக்கட்ட, கார்பன் மிகுந்த காய்ந்த இலை ஐந்து கிலோ போதும். ஆனால் குவியலின் ஈரம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் ஐந்து போதாது, ஏழு எட்டு கிலோ வேண்டும். விகிதக் கணக்கை மட்டும் படித்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஈரம் அதிகமானால் இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபடும், காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் நாற்றத்தைக் கிளப்பும்.

தராசு இல்லாவிட்டால் அளவால் பார்க்கலாம்: ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு, மழைக்காலத்தில் மூன்று வாளி சருகு. நொறுக்கிய சருகானால் ஒன்றரை, இரண்டு வாளியே போதும்.

ஆக, இடம் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது தொட்டி கட்டுவதல்ல, சருகு சேர்ப்பது. சென்னையில் மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் இலை உதிர்க்கும். பாதாம் மரம் ஆண்டுக்கு இரண்டு முறை கொட்டும். அந்த இலை தடிமன் என்பதால் காலால் மிதித்து நொறுக்கியே போட வேண்டும். அப்போது சேர்க்கும் இலைதான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைகொடுக்கும். நாளொன்றுக்கு எட்டு கிலோ என்றால் மழைக்காலம் மூன்று மாதத்துக்கு 720 கிலோ. நொறுக்காமல் மூட்டை கட்டினால் ஒரு சாக்கில் பத்து கிலோகூடப் பிடிக்காது. எழுபது எண்பது சாக்கு வைக்க உங்களிடம் இடம் இருக்காது. நொறுக்கி, மிதித்து அடைத்தால் பாதி இடம் போதும். படிக்கட்டின் அடியில், மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்தி என்று பிரித்து வையுங்கள். இலை எடுப்பதற்குப் பக்கத்து அடுக்ககத்தின் தோட்டக்காரரிடமும் தெருப் பெருக்குபவரிடமும் பேசி வைக்க வேண்டும். மரமுள்ள வளாகம் இலை தரும், நீங்கள் பதிலுக்கு உரம் தருவீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு முதல் உறவு பெரும்பாலும் இந்தச் சாக்கு மூட்டைகளால்தான் உண்டாகிறது. இலையைக் குவித்து எரிக்கும் வழக்கம் அங்கே இருந்தால் அதுவும் நிற்கும்.

சருகு கிடைக்காதபோது தென்னை நார்க்கழிவுக் கட்டியை வாங்குவார்கள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் பொடியாக இருப்பதால் காற்றுக்கு வழி விடாது. தனியாக அதை மட்டும் போட்டால் குவியல் களியாக இறுகிவிடும். பாதி நார்க்கழிவு, பாதி சுள்ளியோ நொறுங்கிய இலையோ கலந்து போடுங்கள். கட்டியைத் தண்ணீரில் ஊற வைக்காமல் உலர்வாகவே உதிர்த்துப் போட வேண்டும். இழைப்பகத்து மரத்தூளும் அப்படித்தான். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

இனி தொட்டி. 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். இந்த அளவு கேரளத்தில் நன்கு பழகியது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி பண்ணையில் உருவான முறை இதுதான். ஆலப்புழை நகரத்துக் குப்பை சர்வோதயபுரத்துக்கு வரக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தடுத்தபின், 2012-ல் தொடங்கிய திட்டத்தில் நகருக்குள் ஆங்காங்கே இத்தகைய காற்றோட்டத் தொட்டிகள் வந்தன. ஒரு கன மீட்டருக்குக் குறைவான குவியல் சூட்டைத் தக்கவைக்காது. நாலடித் தொட்டி 1.8 கன மீட்டர் பிடிக்கும். உங்கள் 25 கிலோவும் சருகும் அமுங்கிய பிறகு ஒரு தொட்டி நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நிரம்பியது இரண்டு மாதம் கிடக்க வேண்டும். ஆகவே குறைந்தது மூன்று தொட்டி. அரைச் செங்கல் சுவரைப் பொதுவாக வைத்து வரிசையாகக் கட்டினால் மொத்தம் பதின்மூன்றரை அடி நீளம். உங்கள் 15 அடியில் அடங்கும். முன்னால் ஐந்தடி மிஞ்சும். அதைப் பூந்தொட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள், கிளறும் நாளில் குவியலைக் கொட்ட அந்த இடம் வேண்டும்.

சுவரில் இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். சுமார் 450 செங்கல் ஆகும். முன்பக்கம் சுவர் வேண்டாம், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி எடுக்கும்படி காடி விடுங்கள். இல்லாவிட்டால் உரத்தை மேலிருந்து அள்ள வேண்டிவரும், இரண்டாம் முறை ஒருவரும் வரமாட்டார்கள். எலிக்கு அஞ்சுகிறவர்கள் சொல்வது நியாயம்தான். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் வலையை அடியிலும் சுவரின் உட்புறத்திலும் பதித்துவிட்டால் பெருச்சாளி உள்ளே நுழையாது. கோழி வலையைக் கடித்துவிடும், அது உதவாது. மேலே தகரக் கூரை. சாரல் உள்ளே அடிக்காதபடி சுற்றிலும் ஒன்றரை அடி நீட்டி வைக்க வேண்டும். தரை சிமெண்ட் என்றால் ஒரு பக்கம் சரிவும் சிறு வாய்க்காலும் வேண்டும். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் கட்டவே கூடாது.

இடத்தைத் தீர்மானிக்கும்போது ஒரு விதி: தொட்டிக்கு மிக அருகில் எந்த வீட்டின் ஜன்னல் இருக்கிறதோ அந்த வீட்டார் வேண்டாம் என்றால் அங்கே வேண்டாம். அவர்களைப் பெரும்பான்மை வாக்கால் தோற்கடித்துக் கட்டினால், பிறகு எந்த நாற்றத்துக்கும் தொட்டிதான் காரணம் என்பார்கள், சாக்கடை அடைப்புக்கும் சேர்த்து.

நிரப்புவது இப்படி. அடியில் சுள்ளி, தேங்காய் மட்டைத் துண்டு, சருகு என்று அரையடி. அதன்மேல் ஒன்றிரண்டு கூடை பழைய உரம். முதல் முறை உரம் இல்லாவிட்டால் புதுச் சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். பிறகு அன்றைய கழிவை மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும், ஆனால் சுவர் வரைக்கும் அல்ல. நாலு பக்கமும் அரையடி விட்டு அந்த இடத்தைச் சருகால் நிரப்புங்கள். நடுப்பகுதிதான் சூடாகும். ஓரம் ஆறியே கிடக்கும் என்பதால் ஓரத்தில் விழும் சோறுதான் ஈயையும் நாற்றத்தையும் கொண்டுவரும். கடைசியில் மேலே மூன்று நான்கு அங்குலச் சருகுப் போர்வை. பார்க்கிறவர் கண்ணுக்கு உணவின் ஒரு துணுக்குகூடத் தெரியக்கூடாது.

புளித்த மோர், வெல்லக் கரைசல், கடையில் விற்கும் ‘கல்ச்சர்’ பாட்டில் இவற்றைப் பற்றிக் கேட்பார்கள். மோரால் கெடுதல் இல்லை, மழைக்காலத்தில் கூடுதல் ஈரம் ஒன்றுதான் தொந்தரவு. பாட்டில் தேவையே இல்லை. முன் தொட்டியின் உரத்தில் வேண்டிய உயிர்கள் எல்லாம் இருக்கின்றன. ‘24 மணி நேரத்தில் உரம்’ என்று மின் இயந்திரம் விற்க வருகிறவர்களிடமும் கவனம் தேவை. சூடாக்கி, அரைத்து, உலர்த்தித் தருவது உலர்ந்த கழிவுதான், உரமல்ல. ஈரம் பட்டால் மீண்டும் அழுகும். அதற்கும் வாரக்கணக்கில் மக்கவைக்கும் வேலை பாக்கி இருக்கிறது, மின் கட்டணம் தனி.

இரண்டு மூன்று நாளில் சூடு ஏறும். 55 டிகிரி செல்சியஸ் தாண்டி மூன்று நாளாவது நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். நீண்ட கம்பி உள்ள தெர்மாமீட்டர் நல்லது. இல்லாவிட்டால் இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் செருகி உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் சரி. ஈரத்துக்கு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம். ஒழுகினால் சருகு, உதிர்ந்துபோனால் தண்ணீர்.

நிரம்பிய தொட்டியை ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளற வேண்டும். பலகைகளை உருவி, முன்னிடத்தில் தார்ப்பாயில் கொட்டி, ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்படி திரும்ப நிரப்புங்கள். ஆறு பேர் இருந்தால் ஒரு மணி நேரம். இருவர் என்றால் முதுகு போய்விடும். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிரப்ப வேண்டும். கிளறிய இரண்டு நாளில் சூடு மறுபடி ஏறினால் இன்னும் வேலை நடக்கிறது என்று பொருள்.

என்ன போடலாம் என்ற பட்டியல் சுவரில் ஒட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். சந்தேகப் பொருள்கள்தான் தகராறு. சாம்பார், ரசம், பாயசம் வடிகட்டாமல் வரக்கூடாது. எலுமிச்சைத் தோல் அளவோடு வந்தால் தொல்லையில்லை. வெங்காயத் தோலுக்குத் தடையே வேண்டாம். முட்டை ஓட்டை நொறுக்க வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கை, மாங்கொட்டை, கரும்புச் சக்கை எல்லாம் மெதுவாக மக்கும். சலிக்கும்போது மிஞ்சுவதை அடுத்த தொட்டியின் அடியில் போடலாம். தேங்காய் ஓடு வேண்டவே வேண்டாம். பூமாலையில் வாழைநார் இருந்தால் அப்படியே போகலாம், நைலான் நூலும் ஜிகினாவும் உருவப்பட வேண்டும். விசேஷ வீட்டு வாழையிலையைக் கிழித்துப் போடுங்கள். முழு இலை அடுக்காகப் படிந்தால் காற்றை மறிக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றும் ஒரே நாளில் குவியும். இரண்டும் தண்ணீர்தான். அன்றைக்கு நாலு சாக்கு சருகு தனியாக எடுத்து வையுங்கள். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகளையும் வாங்காதீர்கள். அவை இந்தத் தொட்டியில் மூன்று மாதத்தில் மக்குவதில்லை. மீனும் கறியும் நன்றாகச் சூடேறும் தொட்டியின் நடுவில் மக்கத்தான் செய்யும். ஆனாலும் முதல் ஆறு மாதம் வேண்டாம். கைப்பழக்கம் வரட்டும்.

கெட்டுப்போனால் மூக்கே காரணத்தைச் சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுதி, காற்றில்லை. கொட்டிக் கிளறிச் சருகு கலக்க வேண்டும், மேலே மட்டும் தூவினால் பயனில்லை. கண் எரியும் அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் மிகுதி. சாணமோ பச்சைப் புல்லோ அதிகம் விழுந்திருக்கும், இதற்கும் சருகுதான் மருந்து. புளித்த வாடை சோறும் பழமும் குவிந்ததால் வருவது. கிளறினால் ஓரிரு நாளில் போகும். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துபோயிருக்கும். எறும்பும் கரப்பானும் வருவதும் அதன் அடையாளமே. புழுவைக் கண்டு அலறுவார்கள். தட்டையாக, பழுப்பாக, கணுக்கணுவாக, தோல் கெட்டியாக இருந்தால் அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. அது உணவை வேகமாகத் தின்று தீர்க்கும். அந்த ஈ வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் உட்காராது. வெள்ளையாக, மெல்லியதாக, ஒரு முனை கூராக இருந்தால் வீட்டு ஈயின் புழு. போர்வை போதவில்லை என்று அர்த்தம். உள்ளே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், அது சூடேறிய குவியலின் நல்ல நுண்ணுயிர்.

இப்போது மனிதர்கள். நாற்பது வீட்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் பெருமளவு கழிவு தரும் இடத்துக்கான ஓர் அளவுகோல் நாளொன்றுக்கு 100 கிலோ. 40 வீடு அதை எட்டுவதில்லை. ஆகவே இது விருப்பத்தால் நடக்க வேண்டிய வேலை. தாமாக வரும் பத்துப் பன்னிரண்டு வீடு போதும். முதல் பதினைந்து நாள் தரம்பிரிப்பு மட்டும் நடக்கட்டும். பிரித்த வாளி சுத்தமாக வரத் தொடங்கிய பிறகு தொட்டியைத் திறங்கள். பன்னிரண்டு வீட்டுக் கழிவு ஏழெட்டு கிலோதான், சூடேற நாள் பிடிக்கும். காய்கறிக் கடையின் கழிசலைக் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தால் சரியாகும். மற்ற வீட்டார் மூன்று மாதம் கழித்து, முதல் உரத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்த பிறகு வருவார்கள்.

வாளி கொண்டுவரும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், காலை ஏழிலிருந்து எட்டரை. வீட்டு வாசலில் வாளி வைத்தால் எடுத்துப்போவோம் என்ற ஏற்பாடு வசதியானது, ஆனால் அதில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. அவரவர் கொண்டுவந்து கொட்டிச் சருகு மூடிவிட்டுப் போனால், பெயர் தெரியாமல் எட்டு ஆண்டு லிஃப்டில் நின்றவர்கள் இரண்டு வாரத்தில் ‘என்ன, நேத்து வரலையே’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். பழைய எக்ஸ்னோராவும் ஏறக்குறைய இப்படித்தான். 1989-ல் சென்னையில் தொடங்கிய அந்த அமைப்பு, தெருக்காரர்களே பணம் போட்டு ஆள் அமர்த்தி மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்கச் செய்தது. அதை முன்னிட்டே பல தெருக்களில் சங்கம் கூடியது.

குனிய முடியாத பெரியவர்களுக்கு எடை பார்த்து நோட்டில் எழுதும் வேலை. பிள்ளைகளுக்குத் தெர்மாமீட்டர், அவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். பன்னிரண்டு வீட்டில் வாரத்துக்கு இரண்டு வீடு முறை வைத்தால் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு வரும். வாளியில் பிளாஸ்டிக் வந்தால் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள், அந்த மாடியின் பொறுப்பாளர் நேரில் போய்ச் சொல்லட்டும். குழுவில் போக வேண்டியது அன்றைய வெப்பநிலை.

கூட்டிப் பெருக்கும் அம்மாவின் தலையில் இந்த வேலையைச் சத்தமில்லாமல் இறக்கிவைப்பது எங்கும் நடக்கிறது. அது அநியாயம். குப்பையைத் தொடும் வேலை எந்தச் சாதிக்காரர் தலையில் காலம்காலமாகக் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே உரம் என்ற பெயரில் தொடர வேண்டாம். முதல் ஞாயிறு குவியலைக் கிளறும் ஃபோர்க்கைப் பிடிப்பது சங்கச் செயலாளராக இருக்கட்டும். பணியாளர் உதவ விரும்பினால் தனிச் சம்பளம், கையுறை, பூட்ஸ், உரத்தில் பங்கு எல்லாம் முன்கூட்டியே பேசி எழுதப்பட வேண்டும்.

எதிர்ப்பவர்களை வெல்வதற்கு ஒரே ஏற்பாடுதான் எனக்குத் தெரிந்து பலிக்கிறது. அவர்களில் ஒருவருக்கே நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுங்கள். நாற்றம் இரண்டு நாள் தொடர்ந்தால் அவர் சொன்ன மாத்திரத்தில் கழிவு வாங்குவது நிற்க வேண்டும், சரியான பிறகே திறக்க வேண்டும். அந்த அதிகாரம் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை அரிதாகவே பயன்படுத்துவார். தினமும் வந்து எட்டிப் பார்ப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

மூன்று மாத முடிவில், போட்ட மொத்த எடையில் கால் பங்கு உரம் எதிர்பார்க்கலாம். 40 வீடும் சேர்ந்தபின் மாதம் 200 முதல் 250 கிலோ. கால் அங்குலச் சல்லடையில் சலித்து, சாக்கில் இரண்டு மூன்று வாரம் ஆற விடுங்கள். ஒரு பிடி உரத்தை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்தால் மண் வாசனை வர வேண்டும், நாறினால் இன்னும் முதிரவில்லை. பாதி உரம் பாதி மண் கலந்து வெந்தயம் விதைத்தும் பார்க்கலாம். வெறும் மண்ணில் முளைத்த அளவுக்கு முளைத்தால் தயார். செடித் தொட்டிக்கு ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு மண். வெறும் உரத்தில் நட்டால் உப்பு மிகுந்து வேர் கருகும்.

பங்கீட்டை முதல் தொட்டி திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பொதுத் தோட்டத்துக்கு முதலில், பிறகு கழிவு தந்த வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ, வாடகைக்கு இருப்பவருக்கும் சொந்தக்காரருக்கும் ஒரே அளவு, பணியாளர்களுக்கு, இலை தந்த பக்கத்து வளாகத்துக்கு. விற்கும் யோசனை முதல் ஆண்டு வேண்டாம். கிடைக்கும் தொகை சிறியது, அதை யார் கணக்கில் வைப்பது என்ற வாக்குவாதம் பெரியது. மிஞ்சினால் அருகிலுள்ள பள்ளித் தோட்டத்துக்கோ பூங்காவுக்கோ சொல்லி அனுப்புங்கள், வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.